அழிந்துவிட்டது என்று சொன்ன நாள்

நீங்கள் நான்கு பேரும் வரும் திங்கட்கிழமை முதல் நம் சர்வரை ஏற்றுக்கொள்கிறீர்கள். கடவுச்சொற்கள், காப்பு நகல் எடுக்கும் முறை, சர்வர் நின்றுபோனால் முதலில் பார்க்க வேண்டியவை எல்லாவற்றையும் தனிக் கோப்பில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் ஏதாவது புரியாவிட்டால் பிஜுவிடம் கேளுங்கள். ஆரம்பத்திலிருந்து என்னோடு இருந்தவன், என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கோப்பில் எழுத இடமில்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். நான் செய்த ஒரு தவறு அது. அதனால் ஒரு பெண்ணின் வலது கை முடங்கிப்போயிற்று.

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடம் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஏதாவது நின்றுபோனால் வாடிக்கையாளர் கத்துவார், மேலாளர் கத்துவார், சரிசெய்தபின் எல்லோரும் டீ குடிக்கப் போவோம். அந்தப் பழக்கத்தோடுதான் ஓய்வுபெற்ற பிறகு இந்த வேலைக்கு வந்தேன். இதுவும் அதுபோலத்தான் என்று நினைத்தேன்.

நம் சர்வர் எப்படித் தொடங்கியது என்று உங்களில் இரண்டு பேருக்குத் தெரியாது. திருவனந்தபுரத்தில் வேலை செய்யும் தமிழர்களுக்கென்று ஒரு பெரிய நிறுவனத்தின் தளத்தில் ஒரு குழு வைத்திருந்தோம். கட்டட வேலைக்கு வந்தவர்கள், ஹோட்டலில் நிற்பவர்கள், சாலைக் கடைத்தெருவில் இருப்பவர்கள், தென்காசியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் சிகிச்சைக்கு வருபவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் அதில் இருந்தார்கள். ஒரு நாள் காலையில் பார்த்தால் குழுவே இல்லை. விதிமீறல் என்று ஒரு வரி மட்டும் இருந்தது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, கேட்ட இடங்களில் பதிலும் இல்லை. அன்று ஒரு தாய் மகனின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க முன்வந்தவர்களின் பட்டியலை அந்தக் குழுவில்தான் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று போனை மறுபடியும் மறுபடியும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் சொந்த சர்வர் வைத்தோம். திறந்த நெறிமுறை, அதாவது யார் வேண்டுமானாலும் தனக்கென்று ஒரு சர்வர் வைக்கலாம், எல்லா சர்வர்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். நம்மிடம் எழுதியதை மதுரையில் ஒருவர் தன் சர்வரிலிருந்து படிக்கலாம், கனடாவில் ஒருவர் பதில் எழுதலாம். நம்மை ஒரே அடியில் இல்லாமலாக்க எந்த நிறுவனத்தாலும் முடியாது. அந்த நாட்களில் இதைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அது வெறும் பேச்சல்ல என்பதை முதல் வருடமே பார்த்தேன். நகரத்தின் ஓரத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் சாரம் சரிந்து இரண்டு பேர் விழுந்தார்கள். ஒருவர் அங்கேயே இறந்தார், சங்கரன்கோவில் பக்கத்து ஆள். அவர் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை, எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டார் என்று ஒப்பந்தக்காரரின் ஆட்கள் சொன்னார்கள். இறந்தவரின் தம்பி இசக்கிமுத்து அதே இடத்தில் கம்பி கட்டுகிறவர். அன்று காலை அவர் எடுத்த படத்தில் அண்ணன் அந்தச் சாரத்தின் மேல், கயிறுகூட இல்லாமல், சிரித்துக்கொண்டு நிற்கிறார். அதை நம் சர்வரில் போட்டார். மாலைக்குள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் இரண்டு பேர் இசக்கிமுத்துவின் அறைக்கே போய், நின்று, அழிக்க வைத்தார்கள். நம்மிடம் அழிந்துவிட்டது. ஆனால் வேறு ஊர்களின் சர்வர்களில் அதற்குள் பிரதி எடுக்கப்பட்டிருந்தது, அவற்றில் சில அழிக்கச் சொன்ன கோரிக்கையைக் கவனிக்கவே இல்லை. தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் கடைசியில் பார்த்தது அந்தப் பிரதியைத்தான். அதன்பின் இறந்தவர் அங்கே வேலை செய்யவே இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

நான் அன்று மிகவும் பெருமைப்பட்டேன். ஒரு படத்தை யாராலும் முழுசாக அழிக்க முடியாது என்பது எனக்கு அன்று நல்ல செய்தியாகவே கேட்டது.

பெருமை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அந்தப் படத்துக்குக் கீழே வசை வர ஆரம்பித்தது. வெளிநாட்டில் இருக்கும் ஒரு தமிழர் நடத்தும் சர்வரிலிருந்துதான் பெரும்பாலும் வந்தது. அவர் எல்லா ஊர்களிலிருந்தும் தமிழ்ப் பதிவுகளைச் சேகரித்து, யாரும் தேடிப் படிக்கும்படி வைத்திருந்தார். நல்ல எண்ணத்தில் தொடங்கியதுதான். ஆனால் அங்கே சேர்ந்திருந்த சிலர் இசக்கிமுத்துவின் சாதியைச் சொல்லி, செத்தவரையும் சேர்த்து எழுதினார்கள். நான் அந்த நிர்வாகிக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் காலையில் அந்த சர்வரோடு நம் தொடர்பை முழுதாக வெட்டிவிட்டேன். நம் ஆட்கள் எல்லோரும் கைதட்டினார்கள். இசக்கிமுத்து போன் செய்து, "இப்பந்தான் தூக்கம் வந்துச்சு மேடம்" என்றார். அந்த முடிவு தவறென்று இப்போதும் நான் சொல்லமாட்டேன். வெட்டியதோடு அந்த சர்வரை மறந்ததுதான் தவறு.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி. அவள் பெயரைச் சொல்ல மாட்டேன், வசந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் பக்கம். புருஷன் அடி தாங்காமல், நான் சொல்லப்போவது நடப்பதற்கு மூன்று வருடம் முன்பு, ஒரு பையோடு இங்கே வந்து, ஆரியசாலையில் ஒரு தையல் கடையில் சேர்ந்தவள். துணி வெட்டுவதில் கெட்டிக்காரி. சுண்ணக்கட்டி போடாமலேயே வெட்டுவாள் என்று கடைக்காரர் சொல்வார். செவ்வாய்க்கிழமை காலை அவளுக்கு விடுப்பு. அன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போய், மலையாளம் தெரியாமல் முழிக்கும் தமிழ் நோயாளிகளுக்குப் படிவம் எழுதிக் கொடுப்பாள், டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வாள். யாரும் கேட்டு அவள் செய்யவில்லை. வந்த புதிதில் தன் உடைந்த விலா எலும்பைக் காட்டப் போனபோது மொழி தெரியாமல் நின்றது அவளுக்கு மறக்கவில்லை.

நம் சர்வரில் அவள் எழுதியது ஏறக்குறைய எல்லாம் அது சம்பந்தமானதுதான். ஒரு பதிவு எனக்கு மனப்பாடம். "செவ்வாய் காலைல எட்டு மணிக்கு ஓ.பி. சீட்டு குடுக்கிற இடத்துல நீலக் குடையோட நிப்பேன். எழுதித் தர ஆள் வேணும்னா பயப்படாம வாங்க." எத்தனையோ பேர் அதை மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். நானும் அனுப்பினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் அவளிடமிருந்து போன் வந்தது. அன்று காலையிலிருந்து நம் சர்வரில் போலிக் கணக்குகள் நூற்றுக்கணக்கில் பதிவாகிக்கொண்டிருந்தன. பிஜுவும் நானும் என் வீட்டு மேசையில் ஆளுக்கொரு கணினியோடு உட்கார்ந்து அவற்றை அடைத்துக்கொண்டிருந்தோம். காலைச் சாப்பாடு அப்படியே இருந்தது.

"அக்கா, அவரு தேடுகாரு" என்றாள். "கொழுந்தன் பொண்டாட்டி போன் பண்ணுனா. யாரோ பையன்கிட்ட சொல்லி நெட்டுல என் பேரப் போட்டுத் தேடச் சொல்லியிருக்காராம். எனக்குப் பயமாட்டு இருக்குக்கா. நான் எழுதுன எல்லாத்தையும் அழிச்சிருங்க. ஒண்ணுகூட இருக்கப்பிடாது."

"இரு, இப்பவே செய்யறேன்" என்றேன். போனை வைக்கச் சொல்லவில்லை. அவள் கணக்கைத் திறந்தேன், அழிப்பதற்கான பொத்தானை அழுத்தினேன், உறுதிதானா என்று கேட்டது, உறுதி என்றேன். அரை நிமிடத்தில் பக்கம் வெறுமையானது. அவள் பெயரைத் தேடினேன். ஒன்றும் வரவில்லை.

பிஜு என் திரையை எட்டிப் பார்த்தான். "அக்கா, அது நம்ம சைட்ல மாத்திரம் அல்லே போச்சு? மத்தவங்க கையில கிடக்கும்" என்று தன் மலையாளத் தமிழில் மெதுவாகச் சொன்னான்.

நான் அவனைக் கையசைத்து நிறுத்தினேன். அந்தப் பக்கம் ஒரு பெண் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறாள், இப்போது போய் நெறிமுறை பாடம் நடத்துவதா என்று தோன்றியது. அவளுக்கு ஒரு வார்த்தை நிம்மதி கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டு மறுபடி என் வேலைக்குத் திரும்ப வேண்டும். இரண்டும் ஒரே வார்த்தையில் முடிந்தது.

"எல்லாம் அழிஞ்சாச்சு, வசந்தி. ஒண்ணும் இல்லை. சாரமில்லை, பரவாயில்லை, பயப்படாதே, கேட்டியா?" என்றேன்.

"நிச்சயமாட்டா அக்கா?"

"நிச்சயம்."

அவள் அழுதுவிட்டாள். நிம்மதியில் வரும் அழுகை. "உங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்று சொல்லி வைத்தாள்.

நாம் ஒரு பதிவை அழித்தால் நடப்பது இதுதான்: நம்மிடமுள்ளது அழியும், மற்ற சர்வர்களுக்கு "நீங்களும் அழித்துவிடுங்கள்" என்று ஒரு கோரிக்கை போகும். கேட்பவர்கள் கேட்பார்கள். இது எனக்குத் தெரியாததல்ல, இசக்கிமுத்து விஷயத்தில் கண்ணால் பார்த்தது. இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாம் தொடர்பை வெட்டிய சர்வருக்கு அந்தக் கோரிக்கை போகவே போகாது. அவர்களின் வசை உள்ளே வராமல் நான் அடைத்த வழி, நம்முடைய கோரிக்கை வெளியே போகவும் அதே வழிதான். வெட்டுவதற்கு முன்பு அங்கே போய்ச் சேர்ந்த வசந்தியின் பதிவுகள் எல்லாம் அங்கேயே, தேடினால் கிடைக்கும்படி இருந்தன.

பிஜு அன்று மாலையும் ஒருமுறை கேட்டான். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன். போலிக் கணக்குகள் சனி, ஞாயிறும் நிற்கவில்லை. அதன் பிறகு நான் மறந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை வசந்தி வழக்கம்போல ஆஸ்பத்திரிக்குப் போனாள். தென்காசியிலிருந்து வந்த ஒரு வயதானவருக்குப் படிவம் எழுதிக்கொண்டிருந்தாள். குடையை அக்குளில் இடுக்கியிருந்தாள். பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் கேட்டுத் திரும்பினாள். புருஷன் கத்தியோடு வந்திருந்தான். முகத்துக்கு வந்ததைத் தடுக்க வலது கையை நீட்டினாள். இரண்டாம் வெட்டுக்குள் அந்த வயதானவரின் மகனும் ஒரு செக்யூரிட்டியும் அவன் மேல் விழுந்து பிடித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே நடந்ததால் உயிர் தப்பியது என்று டாக்டர் சொன்னார்.

எனக்குத் தெரிந்தது மதியம். காவல் நிலையத்திலிருந்து அழைத்தார்கள். எஸ்.ஐ. ஒரு பெண். அவனிடமிருந்து எடுத்த போனில் இருந்த ஒரு படத்தின் அச்சை மேசைமேல் என் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு இணையப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருக்கிறான். செவ்வாய், எட்டு மணி, நீலக் குடை. மேலே இருந்தது நான் தொடர்பை வெட்டிய சர்வரின் முகவரி. பதிவுக்குக் கீழே, எழுதியவரின் பெயருக்குப் பக்கத்தில், நம் சர்வரின் பெயர்.

"இது நிங்ஙள்டெ சைட் அல்லே, மேடம்?" என்று கேட்டார்.

"எங்களுடையதுதான்" என்றேன். மலையாளத்தில் பதில் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த நிர்வாகிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். என்ன நடந்தது என்று எழுதி, அந்தப் பதிவுகளை எடுத்துவிடச் சொன்னேன். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பதில் எழுதினார். அன்று நான் எழுதிய முதல் கடிதத்தின்போது அவர் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். வெளியே வந்ததும் வசை எழுதியவர்களை வெளியேற்றிவிட்டு எனக்கு எழுதிய செய்தி, நான் வழியை அடைத்திருந்ததால், என்னை வந்து சேரவில்லை. கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "அந்தப் பெண் கேட்ட அன்றைக்கே எனக்கு ஒரு மெயில் போட்டிருக்கலாமே, அம்மா. அப்போதே எடுத்திருப்பேன்."

அவர் குற்றம்சாட்டி எழுதவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அதனால்தான் அதை இரண்டாம் முறை படிக்க என்னால் முடியவில்லை. பிஜு படித்தான். "நான் கேட்டேன் அக்கா" என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மடிக்கணினியை மூடிவைத்துவிட்டுப் போய்விட்டான்.

நான்கு நாள் கழித்துத்தான் வசந்தியைப் பார்க்க விட்டார்கள். கை முழுதும் கட்டு. நரம்பைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள், ஆனால் கட்டைவிரல் மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். கத்தரிக்கோல் பிடிக்கும் விரல். நான் கட்டிலின் ஓரத்தில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், சர்வரை வெட்டியது, பிஜு கேட்டது, நான் மறந்தது, எதையும் விடாமல். சொல்லி முடித்ததும் மன்னிப்புக் கேட்டேன்.

அவள் சொன்னாள்: "அழியலைன்னாலும் சாரமில்லக்கா. உங்க கையில இல்லாத காரியம். ஆனா தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நான் அந்தச் செவ்வாக்கிழமை போயிருக்க மாட்டேன். கடையையும் மாத்தியிருப்பேன். எனக்கு ஓடத் தெரியும்லா. ஒருவாட்டி ஓடுனவதானே. நீங்க நிச்சயம்னு சொன்னதாலதான் நான் நின்னேன்."



அவன் சில மாதம் உள்ளே இருந்தான், ஜாமீனில் வெளியே வந்தான். வழக்கு இன்னும் நடக்கிறது. தையல் கடைக்காரர் அவளுக்குக் கொக்கி வைக்கும் வேலை கொடுத்துப் பார்த்தார். இடது கையால் அவளுக்கு அது வரவில்லை. அவன் வெளியே வந்த வாரம் அவள் ஊரை விட்டுப் போனாள். எங்கே என்று எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமைகளில் அந்த ஓ.பி.யில் படிவம் எழுதிக்கொடுக்க இப்போது யாரும் நிற்பதில்லை.

போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார், இப்படி நடக்கும் என்றால் எல்லோரையும் திரும்பப் பெரிய நிறுவனத்திடமே அனுப்பிவிடலாமே, அங்கே ஒரு பொத்தானில் அழியுமே என்று. அங்கே உண்மையில் அழிகிறதா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் இசக்கிமுத்துவின் அண்ணன் அந்தச் சாரத்தில் நின்ற படம் அங்கே இருந்திருந்தால், அழிக்க வைத்தவர்கள் ஜெயித்திருப்பார்கள். அந்தப் படத்தைக் காப்பாற்றியதும் வசந்தியை வெட்டியதும் இந்த அமைப்பின் ஒரே குணம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விலக்க எனக்கு வழி தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். அதுவரை உங்கள் முன்னால் ஒருவர் பயந்து நிற்கும்போது, அவர் பயத்தைக் குறைப்பதற்காக உங்களுக்குத் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் அதுதான் கருணை மாதிரி இருக்கும். எனக்கும் இருந்தது.

இதைச் சரியாகச் செய்தால் நன்றி கிடைக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அடுத்த வருடம் இன்னொருவர் அழைத்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். வேறு சாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு கழக்கூட்டத்தில் வாடகைக்கு இருந்தான். பால்கனியிலிருந்து எடுத்த ஒரு படத்தைப் போட்டிருந்தான். மேம்பாலமும் எதிர்க் கட்டடத்தின் விளம்பரப் பலகையும் அதில் தெளிவாகத் தெரியும். பெண்ணின் அண்ணன்கள் கிளம்பிவிட்டார்கள் என்று தெரிந்ததும் எனக்குப் போன் செய்தான்.

நான் அழித்தேன். பிறகு சொன்னேன்: "இங்கே அழிச்சாச்சு. வேற எங்கெல்லாம் போயிருக்கும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச எல்லாருக்கும் இப்பவே எழுதறேன், ஆனா அதை நம்பி நீங்க அங்கே இருக்காதீங்க. இன்னைக்கே வீட்டைக் காலி பண்ணுங்க."

"என்ன மேடம் பேசுதீய?" என்று கத்தினான். "அவ மாசமா இருக்கா. திடீர்னு காலி பண்ணுன்னா எங்க போக? ஒரு போட்டோவ அழிக்கத் துப்பில்ல, பொறவு எதுக்கு இத நடத்துதீய? உங்கள நம்பிப் போட்டேன் பாருங்க, என்னையச் சொல்லணும்."

அவன் இன்னும் என்னென்னவோ சொன்னான், அவற்றை இங்கே எழுத முடியாது. பின்னால் அந்தப் பெண் அழுவது கேட்டது. போனை வைத்துவிட்டான். பிஜுவும் நானும் நமக்குத் தெரிந்த ஒவ்வொரு சர்வருக்கும் எழுத ஆரம்பித்தோம், தொடர்பை வெட்டியவற்றுக்கு மின்னஞ்சலில்.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அவன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மூச்சிரைத்தது. பெட்டியை எங்கோ இழுக்கும் சத்தம் கேட்டது.

"வண்டி வந்துட்டு" என்றான். "எங்க போறோம்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

"சொல்லாதீங்க" என்றேன்.